தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கென்யா மிஷன் பள்ளிக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

நம் பக்கத்துச் சபைகளிலிருந்து வெளிநாட்டு மிஷன் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போக நினைக்கிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது விசாவும் சம்பளமும்தான். நான் திருப்பிக் கேட்பது, பிள்ளைகள் எந்த வகுப்பு என்று. ஊழியத்துக்கு அழைப்பு வந்தது உங்களுக்கு, ஆனால் பள்ளியையும் சிநேகிதர்களையும் விட்டுவிட்டு வரப்போவது அவர்கள். அதனால் பிள்ளைகளின் படிப்பிலிருந்தே திட்டத்தை ஆரம்பியுங்கள்.

பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? அப்படியானால் இரண்டு முறை யோசியுங்கள். 2020-இல் மருத்துவப் படிப்புக்கும் 2021-இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கானது. நடுவில் இரண்டு வருஷம் நைரோபியில் படித்துவிட்டு வந்தால் அது கைநழுவிப் போகும், எந்த விண்ணப்பம் போட்டும் மீட்க முடியாது. தொடக்கப் பள்ளி வயதில் கூட்டிப்போய் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் திரும்புங்கள், அல்லது 12 முடியும்வரை பொறுங்கள் என்பதுதான் என் கருத்து. ஒன்பது, பத்தில் இருக்கும் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நமக்கு ஜூன். போகும்போதும் திரும்பும்போதும் சில மாதம் இடிக்கும் என்பதால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பள்ளிப் படிப்பையே அங்கே முடித்தால், இங்கே கல்லூரியில் சேர சமநிலைச் சான்று, அதாவது அங்கே படித்தது நம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்ற சான்று, கேட்பார்கள், ஒவ்வொரு வருஷ மதிப்பெண் பட்டியலையும் பத்திரப்படுத்துங்கள்.

தமிழை விட்டுவிடாதீர்கள். 2006 சட்டப்படி இங்குள்ள பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம், திரும்பி வரும் பிள்ளை தடுமாறுவது அதில்தான். தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே பாடம் வைத்திருக்கிறது, ஆனால் அதைவிடப் பலன் தருவது ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்குப் பத்து வசனம் தமிழ் வேதாகமத்தில் சத்தமாக வாசிப்பது. அங்கே பேசும் சுவாஹிலி மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்த ஓசூர்ப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு முன்பே பேசிவிடுவார்கள்.

சரி, காகிதங்கள். முதல் சிக்கல் பெயர். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், இனிஷியல் விரித்தும் விரிக்காமலும் என்று இருக்கும். பாஸ்போர்ட்டுக்கு முன்பே ஒன்றாக்குங்கள். பெரியார் பல்கலைக்கழகப் பட்டமோ பி.எட். சான்றிதழோ எதுவானாலும் முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. போகும் நாடு அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரு நாட்டு அரசின் முத்திரையை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கும் ஒப்பந்தம்) இருந்தால் அதோடு வேலை முடிந்தது, இல்லையென்றால் அந்த நாட்டுத் தூதரகத்திலும் சான்று வாங்க வேண்டும். குழந்தைகளோடு வேலை என்பதால் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள்.

கென்யாவில் சம்பள வேலைக்கு 'டி' வகை அனுமதி, மத மற்றும் தொண்டுப் பணிக்கு 'ஐ' வகை. பள்ளி எதற்கு விண்ணப்பிக்கிறது என்று கேளுங்கள். கணவன் மனைவி இருவரும் வகுப்பெடுப்பதாக இருந்தால் இருவருக்கும் தனித்தனி அனுமதி வேண்டும், சார்ந்தோர் பாஸில், அதாவது துணைவரின் அனுமதியைச் சார்ந்து, வந்தவர் வேலை செய்ய முடியாது. வீடு, மருத்துவம், விமான டிக்கெட், பிள்ளைகளின் கட்டணம், இதெல்லாம் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சபை மாதாமாதம் தாங்குவதாகச் சொன்னால் போதகரிடம் கடிதம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். போட்ட பத்து நாள் கழித்துத்தான் ஊசி போட்டதற்கான அட்டை செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால் இங்கே ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள். ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போடுவதில்லை, அதையும் பார்த்துத் தேதி வையுங்கள்.

ஸ்வெட்டர் எடுங்கள், நைரோபி ஏற்காட்டைவிட உயரம், ஜூலையில் குளிரும். கேழ்வரகு மாவு சுமக்காதீர்கள். அந்தத் தானியமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்ததுதான், அங்கே தாராளமாகக் கிடைக்கும். அவர்களின் உகாலி மக்காச்சோள மாவில் கிண்டியது, நம் களி மாதிரியே உருட்டிச் சாப்பிடலாம்.

வகுப்பறையில் கணக்கு எடுக்கப் போனவர் கணக்கை நன்றாக நடத்துங்கள். இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள், வேதபாடத்துக்குத் தனி நேரம் உண்டு.

ஊரில் விட்டுவரும் பெற்றோருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு ஆளைப் பேசி வையுங்கள், உங்கள் வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் கணக்கு) ஆக மாற்றும் வேலையையும் இங்கேயே முடியுங்கள். கென்யா நம்மைவிட இரண்டரை மணி பின்னால். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே மாலை ஐந்தரை, பள்ளி விட்டு வந்த பேரப்பிள்ளைகளோடு தாத்தா பாட்டி பேச அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.