சிறு விமான நிலையத்தில் தீயணைப்பு நீர்: வழங்கலைச் சீராக்கும் முறை

ஏடிஆர் 72 விமானங்கள் வந்துபோகும் நிலையம், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தீயணைப்பு வகைப்பாட்டில் பொதுவாக 5ஆம் பிரிவில் அடங்கும். இந்தப் பிரிவில், பி தர நுரைக்கு (தீயணைப்பு நுரையின் செயல்திறன் தரங்களில் ஒன்று) 5,400 லிட்டர் நீரும், நிமிடத்திற்கு 3,000 லிட்டர் பீய்ச்சும் திறனும் வேண்டும். அந்த வேகத்தில் தீயணைப்பு வண்டி இரண்டு நிமிடத்திற்குள் காலியாகிவிடும் என்பதால், மறுபடி நிரப்பும் ஏற்பாட்டையே முதலில் கவனியுங்கள்.

தீயணைப்பு நிலையத்தை ஒட்டி மேல்நிலைத் தொட்டி கட்டி, மின்சாரம் தடைப்பட்டாலும் நீர் தானாக இறங்கும்படி அகலமான குழாயைப் பொருத்துங்கள். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் செல்லும் குழாய்களைத் தீயணைப்பு இருப்பின் மட்டத்துக்கு மேலே இணைத்தால், அந்த இருப்பில் யாரும் கைவைக்க முடியாது (செலவு மிகக் குறைவு, பயனோ பெரிது). ஓடுபாதையின் தொலைமுனையில் நிலத்தடித் தொட்டியும் டீசல் பம்ப்பும் உதவும். வண்டியை நிரப்ப ஆகும் நேரத்தை அவ்வப்போது அளந்து பதிவேட்டில் குறியுங்கள்.