பைட்டர் மீனில் குஞ்சு எடுப்பது: முதலில் தீனி, பிறகு சோடி

பைட்டர் சோடியை முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. முட்டை பொரித்து நான்காம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும். பெரும்பாலும் நோய் காரணமல்ல, பட்டினி. அவற்றின் வாய்க்குள் போகும் அளவில் அசையும் தீனி அந்த நேரம் கையில் இருக்காது. கடைத் தூளை அவை திரும்பியும் பார்க்காது. தூள் அடியில் கிடந்து அழுகித் தண்ணீரையும் கெடுக்கும்.

ஆகவே சோடி சேர்க்க ஒரு கிழமைக்கு முன்பே தீனியைத் தொடங்குங்கள். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் பழைய தொட்டித் தண்ணீரை நிரப்பி, விரல் நீளத்துக்கு வாழைச் சருகு போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். முதலில் பால்போலக் கலங்கி நாறும். நாலைந்து நாளில் தெளியத் தொடங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தூசிபோல நுண்ணுயிர்கள் அசைவது தெரியும். கலங்கி நாறும் நிலையில் ஊற்றினால் குஞ்சு செத்துவிடும்.

போத்தல் வாயை மெல்லிய துணியால் கட்டுவது கட்டாயம். திறந்து கிடந்தால் நுளம்பு முட்டையிடும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மீனுக்குத் தீனி என்று பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது தீனி மைக்ரோவேர்ம் என்னும் நுண்ணிய வெள்ளைப் புழு. மீன் வளர்ப்பவர் யாரிடமாவது புழு உள்ள களி ஒரு கரண்டி விதையாக வாங்குங்கள். ஓட்ஸைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவிட்டு, தட்டையான டப்பாவில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, விதையை மேலே வையுங்கள். மூடியில் ஊசித் துளைகள் போதும். சில நாளில் புழு சுவரில் ஏறும். விரலால் வழித்துக் கொடுக்கலாம். எங்கள் வெக்கைக்குக் களி சீக்கிரம் புளித்துவிடும். எப்போதும் இரண்டு டப்பா ஓடவிட்டு, மாறி மாறிப் புதுப்பியுங்கள்.

தண்ணீர் விஷயம் ஊருக்கு ஊர் மாறும். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி போலக் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்க்கக்கூடும். வாயில் உப்புத் தட்டினால் பாதிக்குப் பாதி மழைத் தண்ணீர் கலக்கலாம். முதல் மழையின் கூரைத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். தனி மழைத் தண்ணீரும் கூடாது. அதன் அமிலத்தன்மை திடீரென ஏறி இறங்கும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை நீக்கும் மருந்து போடுங்கள். கொட்டங்காய் (நாட்டு வாதுமை) மரத்தடியில் தானாகக் காய்ந்து விழுந்த இலை ஒன்றைக் கழுவி 10 லீற்றருக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டால் தண்ணீர் தேயிலைச் சாயம்போல நிறம் மாறும். அது நல்லதுதான். பச்சை இலை வேண்டாம்.

சோடிக்கு நாலு மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குக் கீழ் உள்ள மீன்களைத் தெரிவு செய்யுங்கள். பெண் ஆணைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பது நல்லது. இரண்டையும் ஒன்றையொன்று பார்க்காதபடி பத்து நாள் தனித்தனியே வைத்து, உயிர்த் தீனி கொடுத்துத் தேற்றுங்கள். வயிறு உருண்டு, அதன் கீழ் ஒரு வெள்ளைப் புள்ளி துருத்தி நின்றால் பெண் தயார்.

30 லீற்றர் தொட்டியில் 12 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் தண்ணீர். மணலோ கல்லோ போட வேண்டாம். போட்டால், விழும் முட்டையை ஆண் தேடி எடுக்க முடியாது. ரிஜிபோம் கோப்பையை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டுங்கள், முட்டைக்காக ஆண் வாயால் ஊதிக் கட்டும் நுரைக்கூடு அதன் கீழ் கலையாமல் நிற்கும். பெண் ஒளிய ஒரு பிடி பாசி வேண்டும். அடியும் வாயும் வெட்டிய தெளிவான பிளாஸ்டிக் போத்தலை நடுவில் நிறுத்தி அதற்குள் பெண்ணை விடுங்கள். கூடு கட்டி முடிந்து, பெண்ணின் உடலில் குறுக்குக் கோடு தெரிந்த பிறகு போத்தலைத் தூக்குங்கள். கோடு வராமல் திறந்தால் சண்டைதான்.

செட்டை கிழிவது வழமை, பதற வேண்டாம். ஆனால் பெண் மூலையில் ஒடுங்கி மூச்சுவாங்கினால் பிரித்துவிடுங்கள். முட்டையிடல் சில மணி நேரம் நீளும். முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆண் கொன்றுவிடும். முதல் தடவை தகப்பனாகும் ஆண் முட்டையைத் தின்பதும் உண்டு. ஆள் நடமாட்டம் அதை இன்னும் கூட்டும், தொட்டியின் மூன்று பக்கத்தையும் பேப்பரால் மறையுங்கள்.

27, 28 பாகையில் ஒன்றரை நாளுக்குள் பொரிக்கும். குஞ்சுகள் இரண்டு மூன்று நாள் கூட்டில் வால் கீழே தொங்க நிற்கும். விழுவதை ஆண் வாயால் எடுத்து மேலே வைக்கும். குஞ்சுகள் கிடையாக நீந்தும் நாளில் ஆணை அகற்றி, தீனி தொடங்குங்கள். முதல் ஐந்து நாள் சருகுத் தண்ணீர், நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அரைக் கோப்பை. அதற்குப் பிறகு மைக்ரோவேர்ம். இரண்டாம் கிழமையில் துணியால் சலித்த மொய்னா என்னும் சிறு நீர்த்தெள்ளு. ஆட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு கிடைத்தால் அதற்கு மிஞ்சியது இல்லை, விலைதான் இடிக்கும்.

மூன்றாம் நான்காம் கிழமையில் இன்னொரு சாவு வரும். அப்போதுதான் குஞ்சுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகிறது. தண்ணீருக்கு மேலே உள்ள காற்று குளிர்ந்திருந்தால் கெடுதி. வெக்கையான கச்சான் காற்றுக் காலத்தில் இது தெரியாது. மார்கழி மாரி இரவுகளில் தெரியும். தொட்டியைக் கண்ணாடியால் மூடி, ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். 25 வாற்று ஹீற்றர் போதும்.

ஆறு முதல் எட்டு கிழமையில் ஆண்கள் செட்டை விரித்து முட்டிக்கொள்ளும். உடனே ஒவ்வொன்றையும் தனிப் போத்தலுக்கு மாற்றி, இடையில் மட்டை வையுங்கள். ஒரு லீற்றர் போத்தலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு நேரமில்லாதவர் நூறு குஞ்சு வளர்க்கக் கூடாது. மிஞ்சியதைக் குளத்திலோ வாவியிலோ கொட்டுவதும் கூடாது. விற்கும்போது முதல் நாள் தீனியை நிறுத்தி, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிச்சம் காற்றுமாகக் கட்டிக் கொடுங்கள்.