சிறு கமிட்டுகளாக வேலை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து இளைஞர்களுடன் அமர்ந்து திறந்த மூல நிரல்களைப் படிப்பது என் வழக்கம். அண்மையில் ஒரு தம்பி, உலாவி ஒன்றுக்கு அனுப்பவிருந்த தமது முதல் திருத்தத்தைக் காட்டினார். ஒரே கமிட்டில், அதாவது நிரலின் வரலாற்றில் ஒரே தொகுப்பாகப் பதிவாகும் மாற்றத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் மாறியிருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். அரைப்புள்ளியை மறப்பது போன்றவற்றைக் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீரமைப்பையும் திருத்தத்தையும் கலப்பது

ஆண்ட்ரியாஸ் கிளிங் என்ற நிரலாளர் 2018இல் தொடங்கிய செரினிட்டி ஓஎஸ் என்ற இயங்குதளம், அதற்குள் முளைத்து 2024இல் தனித் திட்டமாகப் பிரிந்த லேடிபேர்ட் உலாவி ஆகிய இரண்டும் சிறு சிறு கமிட்டுகளால் வளர்ந்தவை. ஒரு கமிட் ஒரு வேலையை மட்டுமே செய்ய வேண்டும், அது தனியாகவே பில்ட் ஆக (ஓடக்கூடிய மென்பொருளாக உருவாக) வேண்டும் என்பது இத்தகைய திட்டங்களின் அடிப்படை ஒழுங்கு. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மலையில் அன்றே கொழுந்து எடுக்க எவரும் கூடையுடன் போவதில்லை. நானோ இரண்டையும் ஒரே நாளில் செய்தேன்.

வரி முறியும் இடத்தில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் பிரியாமல் காப்பதே நான் எடுத்துக்கொண்ட வேலை; பத்து வரிகளில் முடிந்திருக்கும். போகிற போக்கில் சில செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை மாற்றினேன், ஒரு பெரிய செயற்கூற்றை வேறு கோப்புக்கு நகர்த்தினேன், இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தினேன். பிரித்து அனுப்பும்படி மீளாய்வாளர் கேட்டபோது, சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன என்று வாதாடி உள்ளே நுழைத்துவிட்டேன்.

மூன்று வாரங்களின் பின் அட்டவணைகளின் கடைசி நெடுவரிசை காணாமற்போவதாக முறைப்பாடு வந்தது. நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை, பிழை நுழைந்த கமிட்டைப் பாதிப் பாதியாகத் தேடுவதால், ஏறத்தாழ 600 கமிட்டுகளுக்குள் குற்றவாளியைப் பிடிக்கப் பத்துச் சோதனைகள் போதுமாயின. பிடிபட்டது என் கமிட். ஆனால் அதற்குள் எந்த வரி என்று பைசெக்ட் சொல்லாது. முழுவதையும் மீளப்பெறவும் இயலவில்லை. நான் மாற்றிய பெயர்களின் மேல் மற்றவர்கள் ஏற்கெனவே வேலை செய்திருந்தார்கள்.

மழைக்கு மின்சாரம் போய்ப்போய் வந்த நான்கு இரவுகளின் பின் அதைக் கண்டேன்: நகர்த்திய செயற்கூற்றின் ஒரு சுழற்சியில் ‘சிறியது அல்லது சமம்’ என்ற குறி, என் கை பட்டு வெறும் ‘சிறியது’ ஆகியிருந்தது. செயற்கூறு முழுவதும் பழைய கோப்பில் நீக்கப்பட்டதாகவும் புதிய கோப்பில் சேர்க்கப்பட்டதாகவும் வேறுபாட்டுப் பட்டியல் காட்டியதால், அந்த ஒற்றைக் குறி யாருடைய கண்ணிலும் படவில்லை. நகர்த்தலைத் தனிக் கமிட்டாக, வேறெதையும் கலக்காமல் அனுப்பியிருந்தால், நகர்ந்த வரிகளுக்குத் தனி நிறமிடும் கிட்டின் வசதியே அதைக் காட்டியிருக்கும். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

பாதியில் பில்ட் உடையும் கமிட்டுகள்

‘அடுத்த கமிட்டில் சரியாகிவிடும்’ என்பது சமாதானமாகாது. பைசெக்ட் அந்த இடத்தில் வந்து நின்றால், தேடுபவர் அதைத் தாண்டிப் போக நேரிடும். பிழை அதற்குள்ளேயே இருக்கவும் கூடும்.

கமிட் செய்தி

‘சில திருத்தங்கள்’ என்று எழுதாதீர்கள். பகுதியின் பெயர், முக்காற்புள்ளி, செய்த வேலை.

விவரக்குறிப்பை ஊகிப்பது

உலாவி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் விவரக்குறிப்பைப் படிக்காமல், வேறோர் உலாவி காட்டுவதைப் பார்த்து நிரல் எழுதுவது ஆசை காட்டும் குறுக்குவழி. லேடிபேர்டின் நிரலில் வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லின் விவரக்குறிப்பில் உள்ள படிகள் கருத்துரைகளாகவே இடப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய நிரல் வருகிறது. மீளாய்வாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஊகத்தை எதனுடன் ஒப்பிடுவது?

மெர்ஜ் கமிட்டுகள்

இரு கிளைகளை இணைப்பதற்கென்றே பதிவாகும் இத்தகைய கமிட்டுகள் வேண்டாம். ரீபேஸ் செய்யுங்கள், அதாவது உங்கள் கமிட்டுகளைப் புதிய நிரலின் மேல் மீண்டும் அடுக்குங்கள்.

பழைய மடிக்கணினியில் முழு வேகம்

சி பிளஸ் பிளஸ் நிரலின் ஒரு கோப்பே ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் கேட்கலாம். எட்டு ஜிகாபைட் மட்டுமே உள்ளவர்கள் ஒரே நேரத்தில் ஓடும் பில்ட் வேலைகளை இரண்டாகவோ மூன்றாகவோ குறைத்துக்கொள்ளுங்கள். முதல் பில்ட்டை இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம்.