777 வேண்டாம்: ஸ்கிரிப்ட்டுக்கு அளவான அனுமதி போதும்

லினக்ஸ் கற்க வருபவர்களிடம் நான் முதலில் எழுதச் சொல்வது, கணக்குக் கோப்புறையை இன்னொரு வட்டுக்கு நகலெடுக்கும் சிறிய ஷெல் ஸ்கிரிப்ட்தான், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு கோப்பு. அந்தக் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்தான் ஷெல். கோப்புக்கு ‘நகல்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பின்னொட்டு கட்டாயமில்லை. கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

முதல் வரி #!/பின்/எஸ்எச். கோப்பை எந்த நிரலிடம் ஒப்படைப்பது என்பதை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் இந்த வரியைப் பார்த்தே முடிவுசெய்கிறது. அதற்கு மேலே ஒரு வெற்று வரிகூட இருக்கக் கூடாது. அடுத்த வரி: சிபி -ஏ கணக்கு /காப்பு. இதில் சிபி நகலெடுக்கும் கட்டளை, /காப்பு என்பது அந்த இன்னொரு வட்டு இணைந்திருக்கும் இடம்.

சேமித்துவிட்டு ./நகல் என்று இயக்கினால் அனுமதி இல்லை என்று பதில் வரும். புதிதாக எழுதிய கோப்புக்கு இயக்கும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. அப்படி இருப்பது நல்லதுதான். பெயருக்கு முன்னால் ./ எதற்கு என்றால், ஷெல் ‘பாத்’ எனப்படும் கோப்புறைப் பட்டியலில் உள்ள இடங்களில் மட்டுமே கட்டளைகளைத் தேடும்; நாம் இருக்கும் கோப்புறை வழக்கமாக அதில் இருக்காது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு, அனுமதியை மாற்றும் கட்டளையான சிஎச்மாட்டைக் கொண்டு சிஎச்மாட் 777 நகல் என்று அடிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோருக்கானவை. ஆக, 777 இட்டால் அந்தக் கோப்புறைக்குள் வர முடிந்த எவரும் உங்கள் ஸ்கிரிப்ட்டில் ஓர் அழிப்புக் கட்டளையைச் சேர்த்துவிடலாம். அடுத்த முறை நீங்கள் இயக்கும்போது அது உங்கள் அதிகாரத்தில் ஓடும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரான், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கின் பெயரில் அதை இரவில் இயக்குகிறது என்றால், கணினி முழுவதுமே அவர் கையில்.

நீங்கள் மட்டும் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட்டுக்கு சிஎச்மாட் 700 நகல் போதும். மற்றவர்களும் இயக்க வேண்டுமென்றால் 755. அவர்களுக்கு வாசிப்பு எதற்கு என்று எண்ணி 711 வைத்தால் வேலை நடக்காது. ஷெல் அந்தக் கோப்பை வாசித்துத்தான் இயக்குகிறது. இதே காரணத்தால், எஸ்எச் நகல் என்று அடித்தால் இயக்கும் அனுமதி இல்லாமலே ஸ்கிரிப்ட் ஓடும். கோப்புறைகளில் எக்ஸ், அதாவது இயக்கும் அனுமதி, என்பதற்கு உள்ளே நுழையும் அனுமதி என்று பொருள். அதை எடுத்துவிட்டால் உள்ளிருக்கும் கோப்புகளைத் திறக்க முடியாது.

எல்எஸ் -எல் அடித்து அனுமதியைச் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இன்டர்பிரட்டர் பிழை, அதாவது முதல் வரியில் சொன்ன நிரல் கிடைக்கவில்லை என்ற பிழை, வந்தால் கோப்பு விண்டோஸில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். வரி முடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியை டாஸ்2யுனிக்ஸ் என்ற நிரல் நீக்கிவிடும்.