ஸ்ட்ரக்ட் பேஜில் இன்னும் ஒரு பிட் வேண்டும் என்றால்

லினக்ஸ் கர்னல் நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகப் பிரிக்கிறது; ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் நிலையைக் குறித்துவைக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் பேஜ் உண்டு. 64 பிட் இயந்திரத்தில் அதன் அளவு பொதுவாக 64 பைட். 16 ஜிபி ரேம் என்றால் 41,94,304 பக்கங்கள். அவற்றுக்குக் கணக்கு வைக்க மட்டும் 256 எம்பி போகிறது. இதில் 8 பைட் புலம் ஒன்றைக் கூட்டினால் மேலும் 32 எம்பியாவது போகும். ஒரே கேஷ் லைனுக்குள் (சிபியு ஒரே தடவையில் இழுக்கும் 64 பைட்) கச்சிதமாக இருந்த கட்டமைப்பும் இரண்டு லைன்களில் பரவிவிடும். அதனால்தான் எல்லோரும் ஃபிளாக்ஸ் என்ற ஒற்றை அன்சைன்ட் லாங்கிலேயே (64 பிட் இயந்திரத்தில் 64 பிட், 32 பிட்டில் 32 பிட் எண்) இடம் தேடுகிறார்கள். அங்கே இடம் இருக்கிறதா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

அந்த எண்ணின் கீழ்ப்பகுதியில் பிஜி_லாக்ட் (பூட்டப்பட்டது), பிஜி_டர்ட்டி (மாற்றப்பட்டு இன்னும் வட்டில் எழுதப்படாதது) போன்ற ஃபிளாக்குகள் இருக்கின்றன. மேல்பகுதியில் செக்ஷன், நோட், ஸோன் (மூன்றும் பக்கம் நினைவகத்தின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பவை), கடைசியாகத் தொட்ட சிபியு-பிஐடி (எந்த சிபியு, எந்த பிராசஸ்), கேசான் டேக் (நினைவகப் பிழையைக் கண்டுபிடிக்கும் குறி), எம்ஜிஎல்ஆர்யு தலைமுறை எண் (பக்கம் எவ்வளவு அண்மையில் பயன்பட்டது) ஆகியவை குடியிருக்கின்றன. எதற்கு எத்தனை பிட் என்பதை பேஜ்-ஃபிளாக்ஸ்-லேஅவுட் என்ற ஹெடர் கோப்பு, கட்டமைப்புத் தேர்வுகளைப் பார்த்து முடிவு செய்கிறது.

பெரிய எக்ஸ்86-64 சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1024 நோடுக்கு 10 பிட், ஐந்து ஸோனுக்கு 3 பிட். 8192 சிபியுவுக்கு 13, பிஐடிக்கு 8, ஆக 21. எம்ஜிஎல்ஆர்யு தலைமுறைக்கு 3. மொத்தம் 37 போனால் ஃபிளாக்குகள் எல்லாவற்றுக்கும் மிச்சம் 27. 32 பிட்டில் நிலைமை இன்னும் நெருக்கடி. பிஏஈ (4 ஜிபிக்கு மேல் முகவரியிடும் வசதி), ஸ்பார்ஸ்மெம் (நினைவகத்தைச் செக்ஷன்களாகப் பிரிக்கும் முறை) இரண்டும் உள்ள எக்ஸ்86-இல் செக்ஷனுக்கு 7, நான்கு ஸோனுக்கு 2, தலைமுறைக்கு 3 என்று போக 20 பிட்தான் மிச்சம். 64 பிட் இயந்திரத்தில் மட்டும் சோதித்துவிட்டு இடம் தாராளமாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

இந்தக் கணக்கைக் கையால் போட வேண்டியதில்லை. டீபக்_மெமரி_இனிட் தேர்வோடு கர்னலைக் கட்டி, எம்எம்இனிட்_லாக்லெவல்=4 என்று பூட் அளவுருவில் கொடுத்தால், ஒவ்வொரு புலத்தின் அகலமும் பூட் பதிவில் அச்சாகும். கூடவே 'பாஹோல்' கருவியால் ஸ்ட்ரக்ட் பேஜின் அளவையும் பார்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் கம்பைலர் உடனே பிழை காட்டும் என்பது பாதிதான் உண்மை. தவிர்க்கவே முடியாத புலங்கள் கொள்ளாதபோதுதான் 'போதிய பிட் இல்லை' என்று பில்ட் நிற்கும். சிபியு-பிஐடி மட்டும் கொள்ளவில்லை என்றால் பிழையே வராது. அது சத்தமில்லாமல் தனிப் புலமாக வெளியேறும், ஸ்ட்ரக்ட் பேஜ் வீங்கும். நீங்கள் சேர்த்த ஒரு பிட்டால் பக்கத்துக்கு இத்தனை பைட் கூடியது என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள். இரண்டு பில்ட்களின் அளவையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த பிட் காலி என்று தேடுவதைவிட, உங்கள் ஃபிளாக் எந்த வகைப் பக்கத்தில், எந்தக் காலகட்டத்தில் மட்டும் பொருள்படுகிறது என்று பார்ப்பதே பலன் தரும். பெரும்பாலான ஃபிளாக்குகள் எல்லாப் பக்கங்களிலும் எப்போதும் தேவைப்படுவதில்லை. ஒன்று உறங்கும் நேரத்தில் மற்றொன்று அதே இடத்தில் வாழலாம்.

பிஜி_ரீட்அஹெட், பிஜி_ரிக்ளெய்ம் இரண்டும் ஒரே பிட். முன்கூட்டிப் படிப்பது வாசிப்பின் வேலை. ரிக்ளெய்ம் என்பது எழுதி முடித்ததும் இந்தப் பக்கத்தை விரைவில் மீட்டுக்கொள் என்ற குறிப்பு. இரண்டும் சாதாரணமாகச் சந்திப்பதில்லை. ஆனால் சந்திக்கும் இடத்தில் காவல் வேண்டும். ஒத்திசையா ரீட்அஹெட் செய்யும் செயற்கூறு, பக்கம் ரைட்பேக்கில் (வட்டில் எழுதப்படும் நிலையில்) இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இருந்தால் அந்த பிட்டுக்கு அங்கே வேறு பொருள், எனவே ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுகிறது. பக்கத்தை டர்ட்டி ஆக்கும் செயற்கூறும், மிச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ரிக்ளெய்ம் பிட்டைத் துடைக்கிறது. ஒரு பிட்டை இருவருக்குக் கொடுப்பது எளிது. மாறும் ஒவ்வொரு வாசலிலும் இப்படி ஒரு சரிபார்ப்பு வைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ஸ்வாப் இடத்தோடு இணைந்த பக்கத்தைக் குறிக்கும் பிஜி_ஸ்வாப்கேஷும் இப்படித்தான்: கோப்பு முறைமைகள் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தும் பிட்டையே அது பகிர்கிறது. அதனால் ஸ்வாப்கேஷ் சோதனை, ஸ்வாப்பேக்ட் பிட்டும் (கோப்புக்கல்லாமல் ஸ்வாப்புக்குப் போகும் பக்கம் என்ற குறி) சேர்ந்து இருந்தால்தான் 'ஆம்' என்கிறது.

பகிர முடியவில்லை என்றால் வேறு சில இடங்கள் உண்டு.

உங்கள் பக்கம் பயனர் வெளியில் ஒருபோதும் மேப் ஆகாது என்றால், பேஜ்_டைப் புலம் சிறந்த வீடு. அது மேப்கவுன்ட், அதாவது பக்கம் எத்தனை இடத்தில் மேப் ஆகியிருக்கிறது என்ற எண், இருக்கும் அதே இடம்தான். மேப் ஆகாத பக்கத்துக்கு அந்த எண் தேவையில்லை. கர்னலின் சிறு பொருள்களுக்கான பக்கத்தைக் குறிக்கும் பிஜி_ஸ்லாப் 2024-இல் இந்த வழியில்தான் ஃபிளாக்ஸை விட்டு வெளியேறியது. ஃபோலியோ (ஒன்றாகக் கையாளப்படும் பக்கங்களின் தொகுதி) முழுவதற்கும் பொதுவான செய்தி என்றால் இரண்டாவது பக்கத்தின் ஃபிளாக்ஸில் வைக்கலாம். தலைப் பக்கத்தில் பிஜி_ஆக்டிவ் எனப்படும் பிட், இரண்டாம் பக்கத்தில் 'உள்ளே கெட்டுப்போன பக்கம் உண்டு' என்று பொருள்படுவது அப்படித்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அந்த இரண்டாம் பக்கத்தின் கீழ் 8 பிட்களில் ஃபோலியோவின் ஆர்டர் (அதன் அளவைச் சொல்லும் இரண்டின் அடுக்கு) எழுதப்பட்டிருக்கிறது. 8-க்குக் கீழ் எண்ணுள்ள பிட்டைத் தேர்ந்தால் ஃபோலியோவின் அளவே மாறிப்போகும்.

பக்கம் எதற்குரியது என்று காட்டும் மேப்பிங் சுட்டியின் கடைசி பிட்களை நம்பாதீர்கள். 32 பிட்டில் உறுதியாகக் கிடைப்பவை இரண்டுதான், அவற்றுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். ஒரு கோப்பு முறைமைக்கு மட்டுமான செய்தி என்றால் பிரைவேட் சுட்டி வழியே சொந்தக் கட்டமைப்பில் வையுங்கள். பிழைதேடலுக்கான செய்தி என்றால் பேஜ்_எக்ஸ்ட் (பக்கத்துக்கென்று தனியே வைக்கும் கூடுதல் பதிவு) போதும். 32 பிட் கர்னல் ஐடில் பக்கக் கண்காணிப்புக்கு அதைத்தான் பயன்படுத்துகிறது.

எல்லாம் பார்த்த பிறகும் புது பிட் தேவை என்றால், ஃபிளாக்குகளுக்கு எண் தரும் பட்டியலில் சேர்க்கும்போது வரிசையைக் கலைக்காதீர்கள். பிஜி_லாக்ட் இருக்கும் அதே பைட்டில் பிஜி_வெயிட்டர்ஸ் 7-ஆம் பிட்டாக இருந்தே ஆக வேண்டும். பூட்டைத் திறக்கும்போதே அந்த பைட்டின் குறி பிட்டைப் பார்த்து, காத்திருப்போர் உண்டா என்று அறிவதற்கான ஏற்பாடு அது.

அடுத்து, ஃபிளாக்கை ஏற்றவும் சோதிக்கவும் செயற்கூறுகளை உருவாக்கித் தரும் மேக்ரோ. பல பக்கங்கள் சேர்ந்த கூட்டுப் பக்கத்தில் ஃபிளாக் தலையில் மட்டும் நிற்குமா, எந்தப் பக்கத்திலும் நிற்குமா என்ற கொள்கையைச் சரியாகக் கொடுங்கள். டீபக்_விஎம்_பிஜிஃபிளாக்ஸ் தேர்வை இயக்கினால்தான் கொள்கை மீறல் வெளியே தெரியும். பெயர் இரண்டு அடிக்கோடுகளோடு தொடங்கும் அணுத்தன்மையற்ற வடிவங்களை, பக்கம் இன்னும் வேறு யார் கண்ணிலும் படாத நேரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். காரணம் இது: ஒரு சிபியு எண்ணைப் படிக்கிறது, அதற்குள் இன்னொரு சிபியு வெயிட்டர்ஸ் பிட்டை ஏற்றுகிறது, முதல் சிபியு பழைய எண்ணையே திருப்பி எழுதுகிறது. வெயிட்டர்ஸ் பிட் காணாமல் போகிறது, காத்திருந்த பிராசஸ் டி நிலையிலேயே (சிக்னலுக்கும் அசையாத உறக்கம்) உறைகிறது. குற்றவாளி உங்கள் ஃபிளாக் என்பதற்குப் பதிவில் எந்தத் தடயமும் இருக்காது.

பக்கம் விடுவிக்கப்படும்போது உங்கள் பிட் ஏறியிருக்கக் கூடாது என்றால், விடுவிப்புச் சோதனை மாஸ்கில் அதைச் சேருங்கள். பிறகு எங்கேனும் துடைக்க மறந்தால், டீபக்_விஎம் தேர்வு இயங்கும் பில்டில் 'பேட் பேஜ் ஸ்டேட்' செய்தி உடனே காட்டிக்கொடுக்கும். அச்சில் பெயர் தெரிய எம்எம்ஃபிளாக்ஸ் டிரேஸ் ஹெடரிலும் ஒரு வரி வேண்டும்.

அதிகம் மறக்கப்படும் இடங்கள் இரண்டு: பக்கத்தை இடம்பெயர்க்கும்போது ஃபிளாக்குகளை நகலெடுக்கும் செயற்கூறு, பெரிய ஃபோலியோவைப் பிளக்கும்போது எவற்றைப் புதுப் பக்கங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற மாஸ்க். இவற்றில் உங்கள் பிட் இல்லாவிட்டால் சாதாரணச் சோதனைகள் எல்லாம் தேறும். நாள்கணக்கில் ஓடி நினைவகம் துண்டாடப்பட்ட இயந்திரத்தில்தான் ஃபிளாக் மாயமாகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். ஃபிளாக்கை ஏற்றிவிட்டு, ப்ராக்/சிஸ்/விஎம் அடைவிலுள்ள காம்பாக்ட்_மெமரியில் 1 எழுதுங்கள்; டீபக்எஃப்எஸ்ஸில் ஸ்பிளிட்_ஹியூஜ்_பேஜஸிலும் 1 எழுதுங்கள். முன்னது இடம்பெயர்ப்பையும் பின்னது பிளப்பையும் தூண்டும். இரண்டுக்கும் முன்னும் பின்னும் பிட்டைச் சரிபாருங்கள். இதே சோதனையை பிஏஈ பில்டிலும், 8192 சிபியு-1024 நோட் பில்டிலும் ஒருமுறை ஓட்டுங்கள்.