பாடும் குருவிக் கடிகாரத்துக்குப் புளி போடாதீர்கள்

திருவையாறு பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் பழைய பிரெஞ்சுக் கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடி மூடிக்குள் பொன்னிற மரக்கிளை, அதில் கட்டைவிரல் அளவில் ஒரு குருவி, கீழே கடிகாரம். பீடத்தின் இடது பாதி பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. வலது பாதி மங்கிய பொன் நிறம். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, குத்துவிளக்கோடு இதையும் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். நடுவில் வேறு வேலை வந்ததால் மறுபாதி தப்பியது. தப்பிய பாதியில்தான் தங்கம் இருக்கிறது.

இந்தக் கடிகாரங்களின் வெளி வேலைப்பாடு பெரும்பாலும் தங்க முலாம் பூசிய வெண்கலம். அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தோடு கலந்து பூசி, சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். மெல்லிய தங்கப் படலம் மட்டும் மிஞ்சும். புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை பாலிஷ் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது தேய்ந்தோ உரிந்தோ போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பூஜை அறையில் மட்டும் வைக்க வேண்டாம். சாம்பிராணிப் புகை பிசுக்காகப் படியும்.

அடுத்த தவறு தேங்காய் எண்ணெய். மார்கழி விடியலில் பாட்டிலுக்குள்ளேயே உறைகிற எண்ணெய், ஊசி முனை பருமனுள்ள அச்சுகளில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகிவிடும். அதில் தூசி சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி உலோகத்தைத் தேய்க்கும்.

பாட்டு குருவியின் அலகிலிருந்து வருவதில்லை. சத்தம் பிறப்பது பீடத்துக்குள். அங்கே ஒரு சின்னத் துருத்தி, ஒரு விசில். விசிலுக்குள் ஒரு தண்டு முன்னும் பின்னும் நகர, சுருதி ஏறி இறங்கும். ஓரம் மேடுபள்ளமாக வெட்டிய தகடுகள் சுழன்று அந்தத் தண்டையும், காற்றைத் திறந்து மூடும் வால்வையும், குருவியின் அலகையும் வாலையும் ஒரே நேரத்தில் ஆட்டுகின்றன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் ஜாக்கே த்ரோ பட்டறை இதில் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் போந்தெம் குடும்பம்.

அந்தத் துருத்திக்கு விலங்குக் குடலின் மெல்லிய சவ்வைத்தான் ஒட்டியிருப்பார்கள். கிழிந்துவிட்டது என்று ஹார்மோனியத் தோலை ஒட்டித் தருபவர்கள் உண்டு. அது தடிமன், விறைப்பு. துருத்தி பாதிதான் விரியும், பாட்டு மூச்சிரைக்கும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, குருவிக்கு இந்தச் சவ்வு அப்படி.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சவ்வு பூஞ்சை பிடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் எஃகு ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். மூடிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை மறைவாக வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். குருவியின் இறகை மட்டும் வெறும் கையால் தொட வேண்டாம். அது பெரும்பாலும் நிஜ இறகு; பழைய காலத்தில் பறவைத் தோலை ஆர்செனிக் என்ற நஞ்சு போட்டுப் பதப்படுத்துவதும் உண்டு.

தாத்தா காலத்துக்குப் பிறகு ஓடாத கடிகாரத்துக்கு, ஆசையில் முழுச் சாவி கொடுத்துவிடாதீர்கள். எண்ணெய் காய்ந்து சக்கரங்கள் இறுகியிருக்கும். ஸ்பிரிங்கின் முழு வேகமும் ஒரு பல்லின் மேல் விழுந்தால் பல் உடையும். குருவி நடுப்பாட்டில் நின்றுவிட்டால் அலகைப் பிடித்து ஆட்டவும் கூடாது.

பழுதுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். பிரிக்கும் முன் ஸ்பிரிங்கின் முறுக்கை எப்படி இறக்குவீர்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் கொடுக்க வேண்டாம். அப்புறம், கழற்றிய பழைய சவ்வை ஒரு கவரில் போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மாற்றுபவர் அதன் கனத்தையும் மடிப்பையும் அதைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.