கைப்பேசிப் போக்கரில் சிப்ஸ் எங்கே போகிறது?

கவர்னர் ஆஃப் போக்கர் என்ற சீட்டாட்ட வீடியோ கேம் வரிசையின் முதல் இரண்டு பாகங்களில் எதிரே உட்கார்ந்திருப்பது கணினி. பழைய டெக்ஸாஸில் ஊர் ஊராகப் போய், ஜெயித்த பணத்தில் வீடு வாங்கிக்கொண்டே நகரலாம். மூன்றாம் பாகம், சிப்ஸ் என்ற பந்தய வில்லைகளை வைத்து இணையத்தில் நிஜ ஆட்களோடு ஆடுவது. இங்கேதான் புதியவர்களின் கூத்து தொடங்குகிறது. அண்மையில் சிலர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே வேலைகள், அதே வரிசையில்!

எந்தக் கை (சீட்டுச் சேர்க்கை) எதைவிடப் பெரியது என்பதை விட்டுவிடுகிறேன். அதை விளையாட்டின் உதவிப் பக்கமே சொல்லும். நான் சொல்லப்போவது இந்த வரிசைக்கு மட்டுமல்ல, கைப்பேசியில் ஆடும் டெக்ஸாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு வரும் போக்கர் வகை) எதற்கும் பொருந்தும்.

ஒரே சின்னம் என்று ஆசைப்படுவது

கையில் இரண்டு ஹார்ட் சீட்டு வந்துவிட்டால் போதும், கிங்கோ மூன்றோ என்று பார்க்காமல் உள்ளே இறங்கிவிடுகிறார்கள். ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டோடு போனால் ஃபிளாப்பிலேயே (முதல் மூன்று பொதுச் சீட்டிலேயே) ஃபிளஷ் (ஐந்து சீட்டும் ஒரே சின்னம்) அமைவது 100இல் ஒரு முறைகூட இல்லை. ஐந்து பொதுச் சீட்டையும் பார்த்தாலும் ஏறத்தாழ 6 முறைதான். நல்ல கை ஒரே சின்னத்திலும் இருந்தால் சந்தோஷம், அவ்வளவே. மட்டமான கைக்கு அது மருந்தில்லை.

மொத்த சிப்ஸோடு பெரிய மேஜையில் உட்காருவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

உறவுக்காரப் பையன் ஒருவன் சின்ன மேஜைகளில் பொறுமையாக ஆடி நல்ல குவியல் சேர்த்திருந்தான். தினமும் வரும் இலவச சிப்ஸையும் தொடாமல் வைத்திருந்தான். ஒரு நாள் அவன் அளவுக்கு மீறிய பந்தயம் ஓடும் மேஜை ஒன்றுக்குப் போய், இருப்பது அத்தனையையும் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஏஸ் ஜோடி வந்தது. ஆல்-இன், அதாவது மொத்தத்தையும் பந்தயமாக வைத்தான். மூன்று பேர் கால் செய்தார்கள், அதாவது அதற்கு ஈடாகப் போட்டார்கள். அதில் ஒருவரிடம் இருந்தது வெறும் ஏழும் எட்டும். அவருக்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) விழுந்தது. சேர்த்ததெல்லாம் ஒரே கையில் போனது.

“ஏஸ் ஜோடி மாமா, அதை எப்படி ஃபோல்டு பண்றது?” என்று கேட்டான்.

ஃபோல்டு பண்ணவே (கையைப் போட்டுவிட்டு விலகவே) கூடாது. அந்தக் கையை அவன் ஆடியது சரிதான். தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது, மேஜையைத் தேர்ந்தெடுத்தபோது.

கணக்கைப் பாருங்கள். என்ன கை என்றே தெரியாத ஒருவரோடு மோதினால் ஏஸ் ஜோடி 100க்கு 85 முறை ஜெயிக்கும். அப்படிப்பட்ட மூன்று பேர் வந்தால் 64தான். ஐந்து பேர் வந்தால் பாதிக்கும் சற்றுக் கீழே. இலவச சிப்ஸ் மேஜைகளில் ஐந்து பேர் கால் செய்வது அபூர்வமே இல்லை. ஆக, ஆட்டத்தின் மிகச் சிறந்த கையே இரண்டில் ஒரு முறை தோற்கும் இடத்தில், முழுச் சொத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, எப்போதும் 80 விழுக்காடு வாய்ப்போடுதான் ஆல்-இன் போடுவேன் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஐந்து முறையும் பிழைப்பதற்கான வாய்ப்பு 33 விழுக்காடு. நன்றாக ஆடியும் மூன்றில் இரண்டு பேர் காலியாகிவிடுவார்கள். திறமை போதாது என்று அவர்கள் வருந்துவார்கள். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வழி எளிது. ஒரு மேஜைக்கு இருப்பதில் இருபதில் ஒரு பங்குதான். 1,00,000 சிப்ஸ் இருந்தால் 5,000 போட்டு உட்காரும் மேஜை. அது போனால் இன்னும் 19 முறை உட்காரலாம். இருப்பு இறங்கினால் மேஜையையும் இறக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் கேட்பதில்லை. சின்ன மேஜைக்குத் திரும்புவதை அவமானமாக நினைக்கிறார்கள்.

பையன் என்ன செய்தான் தெரியுமா? சிப்ஸ் தீர்ந்ததும் திரையில் கடை திறந்தது. நிஜப் பணம் கொடுத்து சிப்ஸ் வாங்கி, அதே மேஜையில் போய் உட்கார்ந்தான். இந்தச் சிப்ஸை எத்தனை ஜெயித்தாலும் திரும்பப் பணமாக மாற்ற முடியாது என்பது அவனுக்கும் தெரியும். தோற்ற சூட்டில் கடைப் பக்கம் போகவே போகாதீர்கள். ஆப்பை மூடிவிட்டு, மறுநாள் இலவச சிப்ஸ் வந்ததும் சின்ன மேஜையில் தொடங்கினால் போதும்.

ஃபோல்டு செய்யாதவரிடம் புளஃப்

புளஃப், அதாவது மட்டமான கையோடு பந்தயம் வைத்து மிரட்டுவது, பலிக்க, எதிரில் இருப்பவருக்கு இழக்கும் பயம் வேண்டும். இலவசமாக வந்த சிப்ஸில் யாருக்குப் பயம்? கையில் சின்ன ஜோடி இருந்தாலும் என்னதான் வைத்திருக்கிறாய் பார்க்கலாம் என்று கால் செய்வார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. நல்ல கை வரும்போது பெரிதாகப் பந்தயம் வையுங்கள், அப்போதும் கால் செய்வார்கள். கணினியை மிரட்டி ஜெயித்துப் பழகியவர்களுக்கு இதை ஏற்கக் கொஞ்ச நாள் ஆகும்.

நெட் விட்டு விட்டு வரும் இடத்தில் ஆடுவது

நெட் நின்று உங்கள் முறைக்கான நேரம் முடிந்தால் கை தானாக ஃபோல்டு ஆகிவிடும்.

விலை பார்க்காமல் துரத்துவது

ஃபிளாப்பில் உங்கள் கையோடு சேர்த்து நான்கு ஸ்பேட் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று வேண்டும். பார்க்காத 47 சீட்டில் ஒன்பது ஸ்பேட் இருக்கிறது. அடுத்த சீட்டில் அது வர 19 விழுக்காடு வாய்ப்பு. நடுவில் குவிந்த பந்தயத் தொகை 1,000 இருக்கும்போது ஒருவர் 500 வைத்தால், 1,500ஐப் பிடிக்க நீங்கள் 500 கொடுக்க வேண்டும். அதற்கு 25 விழுக்காடு வாய்ப்பாவது தேவை, நம்மிடம் இல்லை. அதே ஆள் 200 வைத்திருந்தால் 14 விழுக்காடே போதும், தாராளமாகப் போகலாம். புதியவர்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி கால் செய்கிறார்கள்.

ஆப் ஏமாற்றுகிறது என்று புலம்புவது

ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறை வரும். கைப்பேசியில் கலைக்கவோ பங்கிடவோ நேரம் ஆவதில்லை, அதனால் கைகள் மளமளவென்று ஓடுகின்றன. அபூர்வமான தோல்விகளும் அதே வேகத்தில் வந்து சேரும்.